கடலில் போட்ட பாவம்

பலகைக் களத்தில் வேலை செய்யும் பெண்கள் ரம்பத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் பார்ப்பார்கள். அது எப்போது பசுமரத்தை அறுக்கிறது, எப்போது உறைந்த மரத்தை அறுக்கிறது, எப்போது வெறுமனே சுற்றுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த மார்ச் மாதத்துக் காலையில் ரம்பம் ஓயவே இல்லை. உள்ளிருந்து பலகைகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. சைமாவும் ஹில்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி, இடையில் குச்சி வைத்து, தலைக்கு மேல் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சுக்காற்று பட்டுப் பட்டு இருவரின் தலைத்துணி ஓரத்திலும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

அந்தக் குளிரில் மற்றவர்கள் வாயைத் திறக்க யோசிப்பார்கள். ஹில்மாவின் வாய்க்குக் குளிராவது வெயிலாவது.

"உன் வீட்டுக்காரன் இன்னைக்கு என்ன இந்தப் பற பறக்கறான்? ரம்பத்துக்கு மூச்சுவிட நேரம் குடுக்க மாட்டேங்கறான்."

"மேஸ்திரி பறக்கச் சொல்லியிருப்பார். கடல்ல ஐஸ் உடைஞ்சா கப்பல் வந்துடுமே."

"ஈசாக்கி அண்ணனா? ஞாயித்துக்கெழம ஜெபவீட்டுல அவர் அழணுங்கறதுக்காக வாரம் பூரா நம்மளை அழ வெக்கறார் மனுஷன்."

சைமா சிரித்தாள். சிரித்ததில் பல் கூசியது.

காப்பி நேரத்தில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவள் ஆலைக்குள் போனாள். அவள் கணவன் யல்மாரி பலகையின் ஓரம் சீவும் ரம்பத்தின் முன் நின்றிருந்தான். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காப்பியை உறிஞ்சினான். ரம்பத்தின் மேல் எப்போதும் கவிழ்ந்திருக்கும் இரும்பு மூடியைக் காணோம். ரம்பப் பற்கள் வெளியே பளபளவென்று தெரிந்தன.

"மூடி எங்க?"

அவன் மோவாயால் சுவரைக் காட்டினான். அது அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "மரத்தூள் உறைஞ்சு உள்ள அடைச்சுக்குது. நிறுத்தி நிறுத்தித் தட்ட வேண்டியிருக்கு. பொறுத்துப் பொறுத்துப் பாத்து மேஸ்திரியே வந்து கழட்டி மாட்டிட்டார்."

"கை பத்திரம்."

"குண்டுக்கே பிடிகுடுக்காம போர்லேருந்து முழுசா வந்த கை," என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினான்.

அவள் திரும்பி வந்து ஒரு வரிசைகூட அடுக்கி முடித்திருக்க மாட்டாள். ரம்பத்தின் சத்தம் ஒரு கணம் மாறியது. மரமல்லாத எதிலோ இறங்கிய சத்தம். களத்துப் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். சைமா கையிலிருந்த பலகையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

யல்மாரி ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து, வலது கையைத் தொப்பிக்குள் நுழைத்து வைத்திருந்தான். எதையோ எங்கே வைத்தோம் என்று யோசிப்பவன் போலிருந்தது முகம். மேஸ்திரி ஈசாக்கி முழங்காலிட்டு, தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "கர்த்தாவே, கர்த்தாவே" என்று அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. அதைப் பிற்பாடும் சைமா மறுத்ததில்லை.

மறுநாள் கணவனின் சாப்பாட்டுப் பையை எடுக்க அவள் ஆலைக்குப் போனபோது மூடி ரம்பத்தின் மேல் இருந்தது. அதன்மேல் ஒரு பொட்டுத் தூள் இல்லை. சுவரில் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

*

நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து யல்மாரி திரும்பியபோது வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். அதற்குள் ஆலையில் பேச்சு கிளம்பியிருந்தது. மூடி அதன் இடத்தில்தான் இருந்தது, அவசரத்தில் அவனே தூக்கிவிட்டுக் கையை விட்டிருப்பான் என்றார் மேலாளர். மேஸ்திரி அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தொழிலாளியே மூடியைத் தூக்கியிருந்தால் விபத்து ஓய்வூதியம் கிடையாது. ஓய்வூதியமும் இல்லை, வேலையும் இல்லையென்றால் ஆலை வீட்டில் குடியிருக்க முடியாது. மூன்று குழந்தைகளையும் ஒரு பசுவையும் ஓட்டிக்கொண்டு வசந்தத்தில் வெளியேற வேண்டியதுதான். அதற்கு முன் நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரிப்பார். எல்லாம் அந்த ஒரு விசாரணையில் இருந்தது.

அந்த ஞாயிறு ஜெபவீட்டு வாசலில் எல்லோரும் வழக்கம்போல் கைகொடுத்து "தேவ சமாதானம்" என்றார்கள். யல்மாரி இடது கையை நீட்டினான். ஆண்கள் ஒரு கணம் தடுமாறி, பிறகு தங்கள் இடது கையைக் கொடுத்தார்கள்.

வாரமெல்லாம் செருப்புத் தைத்து ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யும் ஹெர்மன்னிதான் அன்றும் பேசினார். மனந்திரும்புகிறவனைத் தேவன் எப்படி ஓடிவந்து ஏற்றுக்கொள்கிறார் என்று சொல்லும்போது அவருக்கே குரல் உடைந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ தேம்பினார்கள். அப்போது ஆண்கள் வரிசையில் ஈசாக்கி எழுந்தார். பெஞ்சுகளைத் தாண்டி வந்து யல்மாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"யல்மாரி, தம்பி, உனக்கு விரோதமா நான் பாவம் செஞ்சுட்டேன். எனக்கு மன்னிப்பு உண்டா?"

என்ன பாவம் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே அப்படிக் கேட்கும் வழக்கமில்லை. கேட்கிறவன் கேட்டால் கொடுக்கிறவன் கொடுக்க வேண்டும். யல்மாரி இடது கையை மேஸ்திரியின் பிடரியில் வைத்தான். ஆலையில் மேஸ்திரியென்றால் ஜெபவீட்டில் அண்ணன்.

"விசுவாசிங்க அண்ணே. இயேசுவோட நாமத்திலயும் ரத்தத்திலயும் உங்க பாவமெல்லாம் மன்னிச்சாச்சு."

இருவரும் அழுதார்கள். சபையே அழுதது. சைமாவும் அழுதாள், வேறு எவரையும்விட அதிகமாக. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனுஷன் மனம் திரும்பிவிட்டார், இனி அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

*

சனிக்கிழமை சாயங்காலம் நீராவிக் குளியல். குழந்தைகளைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு, கணவனும் மனைவியும் சூடேறிய கற்களுக்கு எதிரே மரப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். யல்மாரி கட்டுப்போட்ட கையை நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தான். சைமா அவன் முதுகைத் தேய்த்தாள்.

"திங்கக்கெழம அதிகாரி வரும்போது அண்ணன் சொல்லிடுவார் இல்ல?"

"என்னத்த?"

"என்னத்தயா? மூடியத்தான்."

யல்மாரி இடது கையால் அகப்பையை எடுத்துக் கற்களின்மேல் தண்ணீரை வீசினான். ஆவி உஸ்ஸென்று எழுந்து இருவரின் முகத்தையும் மறைத்தது.

"அது மன்னிச்சாச்சு சைமா. வேதத்துல சொல்ற மாதிரி கடலோட ஆழத்துல போட்டாச்சு. போட்டதை வெளிய எடுத்து அதிகாரி முன்னால வெச்சா நான் மன்னிச்சதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "அப்ப பொய் சொல்லப்போறியா?"

"பொய் எதுக்கு? என் கவனம் தப்பிடுச்சுன்னு சொல்வேன். தப்பித்தானே போச்சு?"

"மூடி இருந்திருந்தா உன் கவனம் தப்பினாலும் விரல் தப்பியிருக்கும். இவ்வளவு நாளா வாய்கிழியப் பாவம் மன்னிப்புன்னு பேசறீங்களே, குழந்தைங்க எங்க படுக்கும்னு ஒருத்தனாவது பேசினீங்களா?"

"தேவன் பாத்துப்பார்."

"ஆலை வீடு தேவனோடது இல்ல."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவனோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

*

திங்கட்கிழமை காலை ஈசாக்கி பலகைக் களத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்ததும் ஹில்மா தன் முனையைக் கீழே வைத்துவிட்டு நாசூக்காக அடுத்த அடுக்குப் பக்கம் போனாள்.

"சைமா, உன்கிட்டயும் கேக்கணும்னு மனசு உறுத்திட்டே இருக்கு. நீயும் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"எதை மன்னிக்கணும் மேஸ்திரி?"

"உனக்குத் தெரியாததா."

"உங்க வாயால சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூடியக் கழட்டினது நான். அன்னைக்கு எல்லாரும் அவனைத் தூக்கிட்டுப் போனப்புறம் திரும்பி மாட்டினதும் நான். பயந்துட்டேன். அன்னையிலேருந்து எனக்கு சோறு இறங்கல, தூக்கம் இல்ல. உன் வீட்டுக்காரன் மன்னிச்சப்புறந்தான் சைமா எனக்கு உசிரு வந்துச்சு. தேவன் என்னை ஏத்துக்கிட்டார்."

அவர் முகத்தைப் பார்த்தால் அது உண்மையென்று தெரிந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பெல்லாம் போய் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் சைமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம். இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே அதிகாரிகிட்டயும் சொல்லுங்க. நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் மன்னிச்சுடறேன்."

"அது உலகக் காரியம்மா. இது ஆத்துமா காரியம். ரெண்டையும் போட்டுக் கலக்கறியே. எனக்கு ஒன்பது பிள்ளைங்க. என்னை வெளிய தள்ளிட்டா அதுங்க கதி என்ன? தேவன்கிட்ட தீந்துபோனதை மனுஷன்கிட்ட மறுபடி ஆரம்பிக்கணுமா?"

"தீந்தது உங்களுக்கு. எனக்கு மூணு பிள்ளைங்க."

ஈசாக்கிக்குக் கண் கலங்கியது. "நீ மன்னிப்புக்கு விலை பேசற சைமா. விலை பேசக்கூடாதது அது ஒண்ணுதான்."

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். விலை பேசுகிறேனா? சின்ன வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த அத்தனை பிரசங்கமும் ஆமாம், ஆமாம் என்றது.

அன்று மதியம் வந்த அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே ரம்பத்தைச் சுற்றி வந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். மேலாளர் பக்கத்தில் நின்றார். ஈசாக்கி சற்றுத் தள்ளிச் சுவரோரம், அந்த ஆணிக்குக் கீழேயே நின்றார். சைமா யாரும் கூப்பிடாமலே வந்து கதவருகில் நின்றுகொண்டாள்.

"விபத்து நடந்தப்ப இந்த மூடி இருந்துச்சா?" என்று அதிகாரி யல்மாரியைக் கேட்டார்.

"என் கவனம் தப்பிடுச்சு ஐயா."

"அதைக் கேக்கல. மூடி இருந்துச்சா, இல்லயா?"

"யார் மேலயும் குத்தம் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா."

"நான் பாத்தேன்," என்றாள் சைமா. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "காப்பி குடுக்க வந்தப்ப மூடி அந்த ஆணியில தொங்குச்சு. மேஸ்திரிதான் கழட்டினார். இன்னைக்குக் காலைல எங்கிட்ட அவரே சொன்னார். கேளுங்க."

அதிகாரி திரும்பினார். "மேஸ்திரி, அப்படியா?"

ஈசாக்கியின் உதடுகள் வெளுத்துவிட்டன. வாயைத் திறந்தார், மூடினார். இன்னும் ஒரு கணம் விட்டிருந்தால் அவர் ஒன்று உண்மையைச் சொல்லியிருப்பார், அல்லது பொய்யைச் சொல்லியிருப்பார். யல்மாரி அந்த ஒரு கணத்தை விடவில்லை. அண்ணன் மறுபடி பாவத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று அவனுக்குப் பதற்றம்.

"ஐயா, என் சம்சாரம் வருத்தத்துல இருக்கா. ரெண்டு மூணு வாரமா தூங்கல. மனசுல வெச்சுக்காதீங்க. தப்பு என்னோடது."

அதிகாரி ஒரு கணம் சைமாவைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சிந்தினார். மேலாளர் அவரைக் காப்பி குடிக்க அழைத்துக்கொண்டு போனார்.

*

ஓய்வூதியம் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் யாரையும் நடுத்தெருவில் விடவில்லை. ஈசாக்கி மேலாளரின் காலைக் கையைப் பிடித்து, ஆலைக்குள் மரத்தூள் கூட்டும் வேலையை யல்மாரிக்கு வாங்கிக்கொடுத்தார். பாதிக் கூலி. வீடும் அப்படியே இருக்கலாம். விரலைப் பறிகொடுத்தவனை யார் இப்படித் தாங்குவார்கள் என்று சபை ஈசாக்கியைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்தது. யல்மாரி துடைப்பத்தை இடது அக்குளில் இடுக்கி, வலது கையின் கட்டைவிரலால் அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டான்.

சைமாவைப் பற்றிச் சபை பேசவில்லை. பேசாமல் இருந்தது. ஜெபவீட்டு வாசலில் சமாதானம் சொல்லிக் கைகொடுத்துக்கொண்டே வருபவர்கள் அவளிடம் வந்ததும் குழந்தையின் தலையைத் தடவுவார்கள், அல்லது கையுறையைச் சரிசெய்வார்கள். களத்தில் ஹில்மா பலகையின் அந்த முனையைப் பிடிப்பாள், தூக்குவாள், வைப்பாள். அவ்வளவுதான். ஒரு நாள் சைமா தானாகவே, "என்னடி, வாய் உறைஞ்சுபோச்சா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

ஹில்மாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. "நீ அவரை மன்னிச்சுட்டா நான் பழையபடி பேசுவேன்க்கா. இப்ப பேசினா நானும் உன்கூட சேந்தவள்னு ஆயிடும்."

ஹெர்மன்னி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். பார்லி ரொட்டியையும் காப்பியையும் சாப்பிட்டுவிட்டு நல்ல குரலில்தான் பேசினார். "உன் புருஷனுக்கு விரல் போச்சு, கிருபை போகல. உனக்கு விரல் எல்லாம் இருக்கு சைமா. கிருபை இருக்கா?"

அந்தக் கேள்வியை அவளே தன்னைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். படுக்கப்போகுமுன் குழந்தைகளை வைத்து ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் வாய் நின்றுவிடும். குழந்தைகள் மட்டும் சொல்லி முடிப்பார்கள். ஒரு நாள் கடைக்குட்டி கேட்டது. "அம்மா, நீ சொர்க்கத்துக்கு வர மாட்டியா? அங்க எங்களுக்கு யாரு சோறு போடுவா?" சைமா குழந்தையைத் திட்டிவிட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் போய்ப் பசுவின் விலாவில் நெற்றியை வைத்து அழுதாள். தான் சொன்னது உண்மை என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கத்தான் முடியவில்லை.

யல்மாரி அவளைக் கண்டித்ததே இல்லை. இரவில் இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். ஒரே ஒரு முறை சொன்னான். "நீயும் இந்தப் பக்கம் வந்துடு சைமா. அங்க நீ நிக்கறதைப் பாக்க முடியல."

மே மாதம் வளைகுடாவில் ஐஸ் உடைந்தது. சைமாவும் ஹில்மாவும் அடுக்கிய பலகைகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஞாயிறு ஜெபவீட்டின் ஜன்னல்களைக் குளிர்காலத்துக்குப் பிறகு முதல்முறையாகத் திறந்திருந்தார்கள். ஈரமும் மரத்தூளும் கலந்த வாடை உள்ளே வந்தது.

சைமா பெண்கள் வரிசையில் கடைசி பெஞ்சில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஆண்கள் பக்கத்தில் யல்மாரியும் ஈசாக்கியும் தோளோடு தோளாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. யல்மாரியால் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே தாளைத் திருப்ப முடியாது. ஈசாக்கி தன் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்து, பாட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும்போதெல்லாம் விரலை நாக்கில் தொட்டு அவனுக்காகத் திருப்பிக்கொண்டிருந்தார். யல்மாரி தலையாட்டி நன்றி சொன்னான்.

பிரசங்கத்தின் நடுவில் ஹெர்மன்னி நிறுத்தினார். "இங்க பாரம் சுமக்கறவங்க யாராவது இருந்தா, இது கிருபையோட நேரம்," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் வரிசையில் ஒரு தலையும் திரும்பாமல் இருந்ததிலேயே எல்லோரும் யாரை நினைக்கிறார்கள் என்று சைமாவுக்குத் தெரிந்தது.

அவள் எழுந்தாள். பெஞ்சுகளின் இடைவழியில் நடந்து ஆண்கள் பக்கம் போனாள். ஈசாக்கி அவள் வருவதைப் பார்த்ததும் புத்தகத்தை யல்மாரியின் மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் கன்னத்தில் ஏற்கெனவே நீர் வழிந்துகொண்டிருந்தது.

வழியெல்லாம் அவள் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னதற்காக என்னை மன்னியுங்கள் என்று, அதை அப்படியே எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிடுவது என்று. அருகில் வந்ததும் யல்மாரியின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு அத்தனை சந்தோஷம். அந்த வாக்கியத்தை அவள் விட்டுவிட்டாள். என்ன பாவம் என்று அங்கே யாரும் கேட்கப்போவதும் இல்லை.

"ஈசாக்கி அண்ணே," என்றாள். "எனக்கு மன்னிப்பு உண்டா?"

"உண்டும்மா. விசுவாசி. இயேசுவோட நாமத்திலயும் ரத்தத்திலயும் உன் பாவமெல்லாம் மன்னிச்சாச்சு. ஆழக்கடல்ல போட்டாச்சு. இனி யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க."

பெண்கள் பக்கத்தில் ஹில்மா வாய்விட்டு அழுதாள். ஹெர்மன்னி பாட்டைத் தொடங்கினார். சபை முழுவதும் எழுந்து பாடியது. யல்மாரி தாளைத் திருப்ப ஆளில்லாமல் புத்தகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, பாடாமல், அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஈசாக்கி அவளை விடவில்லை. அவருடைய வலது கை அவள் தோளைப் பற்றியிருந்தது. கனமான, வெதுவெதுப்பான கை. அதன் ஐந்து விரல்களும் சட்டைத் துணிக்கு மேலாகத் தனித்தனியாக அழுந்துவது அவளுக்குத் தெரிந்தது.